வேட்டி கட்டிய சுவர்

அத்தியாயம் 11

போன வாரம் ரெங்கம்மாளை எங்கே விட்டோம்? மேற்கு அறையில், டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்து, கூறைப்புடவையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் விட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே உட்கார்த்தி வைத்துவிட்டோம். இனி எழுந்திருக்கட்டும். இன்றைக்கு வீட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

பாபநாசத்திலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். கடைசிக் கொழுந்தன் ரெங்கராஜுக்குப் பெண் கொடுக்கும் முன்பு, மாப்பிள்ளை வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வருகிறார்கள். பிடித்திருந்தால் மத்தியானம் இங்கேயே சாப்பாட்டில் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த வழக்கம்தான் இது.

ஆனால் ரெங்கம்மாளுக்கு எழுந்திருக்க மனசில்லை. மடியில் கிடந்த புடவையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அரக்குப் பட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். மடிப்பைப் பிரித்தால் உள்ளேயும் பூசணம். ஜரிகை கறுத்துப்போயிருந்தது. அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து பெட்டிக்குள் போட்டுப் பார்த்தாள். ரசகற்பூர உருண்டை போட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணிப் புகை காட்டினாள். சுவரே சொதசொதவென்று இருக்கும்போது பெட்டி மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்?

மூலத்தோப்பு வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும், மேற்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிவிடும். சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வரும். தொட்டால் பொலபொலவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் படரும். "ஏங்க, ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன்" என்று புருஷனிடம் ஆறு வருஷமாகக் கேட்கிறாள். காந்தி மார்க்கெட்டில் வாழை இலை வியாபாரம் செய்யும் வீரமலைக்கு இலை வாடினால் கவலை. சுவர் நனைந்தால் அவருக்கென்ன?

"வெயில் வந்தா தானா காயும், போ" என்பார்.

ஓரகத்தி வீரம்மாள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "மாமா, கல்யாணமானா தம்பிக்கு வடக்கு ரூமைத்தானே ஒழிச்சு விடணும். அந்தச் சுவரைக் கொஞ்சம் பார்த்துட்டா நல்லாயிருக்கும்" என்றாள். மறுநாள் பொழுது விடிந்ததும் கொத்தனார் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றார்.

அன்றைக்குப் பற்றிக்கொண்டதுதான் ரெங்கம்மாளுக்கு. இன்னும் அணையவில்லை.

வீரம்மாள் மூத்த கொழுந்தன் செல்லக்கண்ணுவின் மனைவி. அவளுக்குக் கிழக்கு அறை. காலை வெயில் நேராகக் கட்டில் வரைக்கும் வரும். அந்தச் சுவரில் ஒரு பொட்டுப் பூசணம் கிடையாது. அவள் புடவையில் நாற்றம் கிடையாது. அவள் போட்ட காப்பிதான் காப்பி, அவள் வைத்த ரசம்தான் ரசம். இதையெல்லாம்கூட ரெங்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் இப்போது ரெங்கராஜுக்குப் பார்த்திருக்கும் பெண் தையல்நாயகி இருக்கிறாளே, அவள் வீரம்மாளின் ஊர்க்காரி. தூரத்து உறவில் தங்கை முறை வேறு.

அக்காளும் தங்கையுமாக ஒரே வீட்டில்! ஒருத்தி சமைப்பாள், ஒருத்தி பரிமாறுவாள். நடுவில் நான் யார், பாத்திரம் கழுவ வந்தவளா?

ரெங்கராஜை நினைத்தால்தான் தாங்கவில்லை. ரெங்கம்மாள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்கு எட்டு வயசு. மாமியார் கண்ணை மூடிய பிறகு அவனுக்கு எண்ணெய் தேய்த்து, தலை துவட்டி, சோறூட்டி, ஸ்கூலுக்கு அனுப்பியதெல்லாம் அவள்தான். பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில்தான் வைத்தான். அவளுக்குப் பிள்ளை இல்லை என்று ஊரில் யாராவது சொன்னால், "அப்ப நான் யாராம்?" என்று சண்டைக்குப் போவான். அந்த ரெங்கு இனி வீரம்மாள் கட்சிக்குப் போய்விடுவானே!

"அக்கா, இன்னுமா எந்திரிக்கலை? கூட்டுக்குத் தேங்காய் அரைக்கணுமே!" என்று வீரம்மாளின் குரல் சமையலறையிலிருந்து வந்தது.

"வரேன், வரேன். கால்ல சக்கரமா கட்டியிருக்கு எனக்கு?"

புடவையைப் பெட்டிக்குள் திணித்துவிட்டு எழுந்து போகும் வழியில் வடக்கு அறையை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொத்தனார் பழைய காரையைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசியிருந்தார். பூசணம் பிடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து இரண்டு கை வெள்ளையடித்திருந்தார். கொஞ்ச நாள் சுவர் சிரித்துக்கொண்டிருந்தது. போன வாரத்து மழையில் அடியிலிருந்து மறுபடியும் ஓதம் கிளம்பி, முழ உயரத்துக்குப் புள்ளி புள்ளியாகப் பூசணமும் வந்துவிட்டது. இப்போது அந்தப் புள்ளிகளைக் காணோம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆணியடித்துக் கயிறு கட்டி, பெரிய கரை போட்ட எட்டு முழ வேட்டி ஒன்றைத் திரை மாதிரி தொங்கவிட்டிருந்தாள் வீரம்மாள்.

"என்னடி இது கோலம்?" என்று ரெங்கம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"வர்றவங்க பார்த்தா அசிங்கமில்லையாக்கா? இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். நாளைக்கு அவுத்துடறேன்."

வேட்டி கட்டிவிட்டால் சுவர் மாப்பிள்ளையாகிவிடுமா? ஆனால் பாருங்கள், அந்த வேட்டியின் மேல்கூட ரெங்கம்மாளுக்குப் பொறாமை வந்தது. 'என் சுவரை மறைக்க இந்த வீட்டில் ஒருத்தருக்காவது ஒரு கந்தலை மாட்டத் தோன்றியதா?' என்று முனகிக்கொண்டே அம்மிக்குப் போனாள்.

பத்து மணிக்கு ஹனீஃபாவின் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. பெண்ணின் அப்பா முதலில் இறங்கினார். அவருக்குப் பின்னால், பெரிய சரீரத்தைப் பக்குவமாகத் திருப்பி, "முருகா" என்று ராக்கம்மாள் இறங்கினாள். ராக்கம்மாள் அவருக்கு அக்காள், பெண்ணுக்கு அத்தை. தாயில்லாத தையல்நாயகியை வளர்த்தவள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம் என்று வீரம்மாள் முன்பே சொல்லியிருந்தாள்.

"வீரம்மா, எப்படி இருக்கே? இளைச்சுட்டியே!"

"வீரம்மா, காப்பி ரொம்ப நல்லாயிருக்கு."

"வீரம்மா, கிழக்கு ரூம் உன்னுதா? வெளிச்சமா இருக்கு."

வந்த கால் மணிக்குள் எத்தனை வீரம்மா! ரெங்கம்மாள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ரெங்கராஜுக்குக் காதெல்லாம் சிவந்திருந்தது. போன மாதம் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே அவன் தரையில் நடக்கவில்லை. சைக்கிளைத் துடைக்கும்போதுகூடப் பாட்டு முணுமுணுத்தான்.

கை கால் கழுவுவதற்காக ராக்கம்மாள் கொல்லைப்பக்கம் வந்தாள். ரெங்கம்மாள்தான் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். ராக்கம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள்.

"நீதானே பெரியவ? பையனை வளர்த்ததே நீதான்னாங்க."

"ஆமாங்க."

"நானும் ஒரு பொண்ணை வளர்த்தவ. அதனாலதான் உங்கிட்டக் கேக்கிறேன். மத்தவங்க ஆயிரம் சொல்லுவாங்க. ஒளிவு மறைவில்லாம நீ சொல்லு தாயி. ஏதாச்சும் குறை இருக்கா?"

இந்த வீட்டில் ரெங்கம்மாளிடம் யார் யோசனை கேட்டார்கள்? கொல்லைப்பக்கத்து ஜன்னல் வழியாக வடக்கு அறை தெரிந்தது. அந்த வேட்டி காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், வாய் முந்திக்கொண்டது.

"நான் சொன்னேன்னு வெளியில போக வேண்டாங்க. ஓதம் இருக்கு."

ராக்கம்மாளின் கையிலிருந்த சொம்பு நழுவப் பார்த்தது. "ஓதமா?"

"ஆமாங்க. கீழ்ப்பக்கந்தான். மழைக்காலம் வந்தா உப்பிக்கும். வெயில்ல கொஞ்சம் வத்தும்."

"அடக் கடவுளே. வைத்தியம் ஒண்ணும் பார்க்கலையா?"

"பார்க்காம என்ன? மயில்துத்தம் போட்டாச்சு. வழிச்சு வழிச்சுப் பூசியாச்சு. கொஞ்ச நாள் நல்லாயிருக்கும், அப்புறம் பழைய குருடி கதைதான்."

"எங்க ஊர்ப் பொண்ணு வீரம்மா. அவளுக்குத் தெரியுமா இது?"

"அவளுக்குத் தெரியாமலா? வேட்டியைக் கட்டி மறைச்சு வெச்சதே அவதானே!"

ராக்கம்மாள் வாயில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவே இல்லை. அவள் வைத்தியம் என்று சொன்னதைக்கூட ரெங்கம்மாள் கவனிக்கவில்லை. அவள் கண்ணுக்கு அப்போது சுவர் ஒன்றுதான் தெரிந்தது. வீரம்மாளின் சாயம் வெளுத்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் இன்னும் இரண்டு வாளி தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.

உள்ளே போன ராக்கம்மாள் உட்காரவில்லை. தம்பியைக் கண்ணால் கூப்பிட்டாள்.

"நாங்க கோயிலுக்குப் போயிட்டு வந்துடறோம். பெருமாளைப் பார்க்காம சாப்பிட்டா நல்லாயிருக்காது."

"இலை போட நேரமாச்சுங்களே..." என்று இழுத்தார் வீரமலை.

"வந்துடறோம், வந்துடறோம்."

வண்டி கிளம்பிவிட்டது. அரை நாள் லீவு போட்டிருந்த ரெங்கராஜ் சைக்கிளை எடுக்கும்போது அண்ணியிடம் வந்தான்.

"அண்ணி, அந்த அம்மா போறப்ப என்னை ஏன் அப்படி மேலயும் கீழயும் பார்த்தாங்க?"

"உன் அழகைப் பார்த்து மயங்கிட்டாங்க போல. போடா, நேரமாச்சு."

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மணி ஒன்றாயிற்று. ஒன்றரையும் ஆயிற்று. வடை சில்லிட்டுப்போனது. கழுவிக் கவிழ்த்த இலைகள் கூடத்தில் அப்படியே கிடந்தன. வாசலில் குளம்புச் சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்தார்கள். ஹனீஃபா மட்டும் வந்தார், வண்டி காலியாக இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க" என்று வீரமலையை வாசலுக்கு அழைத்தார். கதவுக்குப் பின்னால் ஓரகத்திகள் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அவங்களைத் தெற்கு வாசல்ல பஸ்ஸுக்கு இறக்கிவிட்டுட்டு வரேன். சொல்லவே கூச்சமா இருக்குண்ணே. அந்தம்மா சொல்லச் சொன்னாங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாமாம்."

"ஏனாம்?"

"நம்ம ரெங்கராஜுக்கு... ஓதமாம். நீங்கள்லாம் சேர்ந்து மறைச்சுட்டீங்களாம்."

"என்னது?"

"ஓதம்ணே. விரை வீங்குமே, அது. அந்தம்மா வீட்டுக்காரர் அந்தச் சீக்கோட ரொம்ப வருஷம் கஷ்டப்பட்டுச் செத்துப்போனாராம். வண்டியில அழுதுக்கிட்டே வந்தாங்க. ஏந்தம்பி ராசா மாதிரி இருக்கான், எவன் கிளப்பிவிட்டான்னு நானும் கேட்டேன். பதில் சொல்லலை."

தமிழில் எத்தனையோ சொல் இருக்கிறது. சுவரில் ஏறும் ஈரத்துக்கும் ஆம்பளைக்கு வரும் அந்த வீக்கத்துக்கும் ஒரே பெயரை எந்த மகராசன் வைத்தானோ! ரெங்கம்மாளுக்குக் கிணற்றடியில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்தது. கீழ்ப்பக்கந்தான். உப்பிக்கும். வேட்டியைக் கட்டி மறைச்சு... ஐயோ, குளிப்பாட்டி வளர்த்த பிள்ளையைப் பற்றி என் வாயாலா இப்படி? கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் வீரமலை குதித்துக்கொண்டிருந்தார். "மருதைதான்! மார்க்கெட்ல என் எதிர்க்கடை மருதைதான் இதைக் கிளப்பியிருப்பான். என் வியாபாரத்தைக் கெடுத்தது போதாதுன்னு என் தம்பி மேல கை வைக்கிறானா? இன்னிக்கு அவன் பல்லை உடைக்காம விட்டேனா பார்!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஹனீஃபா வண்டியிலேயே ஏறிவிட்டார்.

வீரம்மாள் மெதுவாகத் திரும்பினாள். "அக்கா, கிணத்தடியில ராக்கம்மா அத்தைகிட்ட நீங்க என்ன பேசுனீங்க?"

"நானா? நான் சுவரைத்தாண்டி சொன்னேன்."

"சுவரையா?"

"வடக்கு ரூம் சுவரை. ஓதம் இருக்குன்னேன். நீ வேட்டி கட்டி மறைச்சிருக்கேன்னேன்."

வீரம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தப் பேச்சு பாபநாசம் பூராப் பரவிடும்க்கா. அங்கேருந்து பொன்மலைக்கு வர எத்தனை நாளாகும்? நாளைக்குத் தம்பி ஒர்க்ஷாப்புல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாரு? கிளம்புங்க."

இந்த நிலைமையிலும் எது செய்ய வேண்டும் என்று அவளுக்குத்தான் முதலில் தோன்றியது. அதுவும் ரெங்கம்மாளைச் சுருக்கென்று தைத்தது.

இருவரும் ஓட்டமும் நடையுமாகக் கோயில் பக்கம் போனார்கள். தெற்கு வாசல் கடைத்தெருவில் ஜங்ஷன் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. பெண்கள் சீட்டில், ஜன்னலோரமாக ராக்கம்மாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி பின்சீட்டில் இருந்தார்.

இரண்டு பேரும் ஏறியதும் பஸ் நகர்ந்துவிட்டது.

"அத்தை, ஒரு நிமிஷம்..." என்று வீரம்மாள் ஆரம்பித்தாள்.

"எங்கிட்டப் பேசாதே. எங்க ஊர்த் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த பொண்ணா நீ? எங்க தையல்நாயகியையே குழியில தள்ளப் பார்த்தியே!"

ரெங்கம்மாள் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நான் சுவரைச் சொன்னேன். வடக்கு ரூம் சுவருக்குத்தான் ஓதம்."

"சுவருக்கா?" ராக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தச் சுவருடி வேட்டி கட்டும்?"

பக்கத்து சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சத்தியமாங்க. இவதான் கட்டினா. கயிறு கட்டி மாட்டினா. வாங்க, வந்து பாருங்க."

"காலையில தனியா இருக்கிறப்ப ஒரு பேச்சு. இவ வந்து இழுத்துக்கிட்டு வந்ததும் ஒரு பேச்சு. நான் எதை நம்புறது?" ராக்கம்மாள் விடவில்லை. "நான் கேட்டது பிள்ளையைப் பத்தி. நல்ல காரியம் பேசுற அன்னிக்கு, வந்தவகிட்ட, போயும் போயும் சுவர் ஈரமாயிருக்குன்னு எந்தப் பொம்பளையாவது ரகசியம் சொல்லுவாளா? எதுக்குச் சொன்னே? அதைச் சொல்லு பார்ப்போம்."

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பதிலை ரெங்கம்மாள் தன் மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை. பக்கத்தில் வீரம்மாள் நின்றாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதில் சொல்லாவிட்டால் ரெங்குவின் பெயர் பாபநாசம் வரைக்கும் நாறும்.

"பொறாமைங்க" என்றாள்.

"என்ன?"

"பொறாமை. இவமேல." மிச்சத்தையும் கொட்டிவிட்டாள். "என் ரூம் சுவர் ஆறு வருஷமா ஊறுது. என் கூறைப்புடவை பூசணம் பூத்துப்போச்சு. ஒருத்தர் ஏன்னு கேக்கலை. இவ ஒரு வார்த்தை சொன்னா கொத்தனார் வர்றான். எல்லாரும் வீரம்மா, வீரம்மான்னு இவ வாயைத்தான் பார்க்கிறாங்க. இப்ப இவ தங்கச்சியும் வந்துட்டா என் புள்ளையும் அந்தப் பக்கம் போயிடுவான். இவ வேலையோட லட்சணத்தை நீங்க தெரிஞ்சுக்கணும்னு நினைச்சேன். இவளை நாலு பேருக்கு முன்னால மட்டம் தட்டணும்னு நினைச்சேன். அதனாலதான் சொன்னேன். எம்புள்ளைக்கு ஒரு குறையும் இல்லைங்க. அவன் தங்கம்."

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டர் மெதுவாக, "எங்கம்மா போகணும்?" என்றார்.

"மாம்பழச் சாலைக்கு ரெண்டு" என்றாள் வீரம்மாள். அவள் ரெங்கம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

ராக்கம்மாள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "சுவர்தானா! நான் காலையிலேருந்து செத்துப் பிழைச்சேன் தாயி. பையன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரியுது." பெருமூச்சு விட்டாள். "நம்புறேன். இதை யாரும் பொய்யா ஜோடிச்சுச் சொல்ல மாட்டாங்க."

ரெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இரு, இரு. நான் இன்னும் முடிக்கலை. சுவர்ல வந்தா சுரண்டிட்டுப் பூசிடலாம். உன் மனசுல வந்திருக்கே, அதை எதை வெச்சுப் பூசுறது? நாளைக்கு எம்பொண்ணு நல்லா ஒரு ரசம் வெச்சா அதுக்கும் நீ பொறாமைப்படுவே. உன் பக்கத்துல அவளை எந்த தைரியத்துல விடுவேன்?"

ரெங்கம்மாள் கும்பிட்ட கையை இறக்கினாள்.

"பொன்மலையில ரெயில்வே குவார்ட்டர்ஸ் குடுக்கறாங்களாமே. அங்கே தனிக்குடித்தனம் வைக்கிறதா இருந்தா தை மாசம் முகூர்த்தம் பார்க்கலாம். மூலத்தோப்பு வீட்டுக்கு எம்பொண்ணை அனுப்ப மாட்டேன். சொல்லு. நீ வளர்த்த பிள்ளை. நீயே சொல்லு."

"மாம்பழச் சாலை! இறங்குங்க!" என்று கண்டக்டர் விசிலடித்தார்.

"வைக்கிறோங்க" என்றாள் ரெங்கம்மாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறிப் போய்விட்டது. இருவரும் திரும்பி நடந்தார்கள். மழை லேசாகத் தூறியது.

"மாமாகிட்டக் கேக்காம வாக்குக் குடுத்துட்டீங்களேக்கா" என்றாள் வீரம்மாள் பாதி வழியில்.

"வேற என்ன பண்ணச் சொல்றே?"

"மருதை அண்ணன் பல்லு இந்நேரம் இருக்கோ இல்லையோ. அதை வேற பார்க்கணும்." வீரம்மாள் சற்று நின்றாள். "பஸ்ல நீங்க சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவர்கிட்டக்கூடச் சொல்ல மாட்டேன். அத்தை வார்த்தையைத் தப்பா எடுத்துக்கிட்டாங்க, நாம போய்ப் பேசித் தீர்த்துட்டோம். அவ்வளவுதான்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். ரெங்கம்மாளுக்கும் அது தெரியும். ஆனால் அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் அவளுக்கு எரிந்தது. இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு லேசாக நல்லவளாக இருக்க முடிகிறது?

வீட்டுக்கு வந்து, சாயந்தரம் விளக்கேற்றும்போது சைக்கிள் மணி கேட்டது. மார்க்கெட்டுக்குப் போன வீரமலை இன்னும் திரும்பவில்லை. ரெங்கராஜ் மழையில் நனைந்து வந்தான். வழியிலேயே ஹனீஃபாவைப் பார்த்திருக்கிறான் போலிருக்கிறது. முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்ணி, வேண்டாம்னுட்டாங்களாமே? ஹனீஃபா அண்ணன் காரணத்தைச் சொல்ல மாட்டேங்கிறாரு."

"அதெல்லாம் சரியாப் போச்சு தம்பி" என்று வீரம்மாள் முந்திக்கொண்டாள். "பேச்சுல ஒரு சின்னக் குழப்பம். நாங்க போய்ப் பேசிட்டோம். அவங்களுக்கு முழுச் சம்மதம்."

அவன் முகம் மலர்ந்ததை ரெங்கம்மாள் பார்த்தாள். தன்னைப் பார்த்து அவன் அப்படி மலர்ந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்கிறாங்க" என்றாள் வீரம்மாள். "கல்யாணம் ஆனதும் பொன்மலையில தனிக்குடித்தனம் வைக்கணுமாம். இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களாம்."

ரெங்கராஜ் தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டைக் கீழே இறக்கினான். "தனியாவா? எதுக்கு? அண்ணியை விட்டுட்டா?"

ரெங்கம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"அண்ணி இருக்கிற வீடு அவங்களுக்கு ஆகலைன்னா எனக்கு அந்தப் பொண்ணே வேண்டாம். எழுதிப் போட்டுடுங்க." வேகமாகத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சைக்கிள் துடைத்தவன் அவன்.

ரெங்கம்மாளுக்கு அப்போது வந்தது சந்தோஷம். மறைப்பானேன்? உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. வீரம்மாளுக்கு முன்னால், வீரம்மாளின் தங்கை வேண்டாம், அண்ணிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டானே என் பிள்ளை!

வீரம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மை அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் போதும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். 'சொல்லுங்கக்கா. போடா பைத்தியக்காரா, கட்டிக்கோ, நாந்தான் வாக்குக் குடுத்தேன்னு சொல்லுங்க' என்று அவள் கண் கெஞ்சியது.

ரெங்கம்மாள் வாயைத் திறந்தாள்.

"கை கால் கழுவிட்டு வாப்பா" என்றாள். "சோறு ஆறுது."